கம்பி நீட்டிய ஞாயிற்றுக்கிழமை

1971ஆம் வருடம் மே மாதம் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். அக்கினி நட்சத்திரம் பாதி ஓடியிருந்தது. கடற்காற்று அன்று தாம்பரம் வரைக்கும் வந்து சேரவில்லை. கொட்டகைக்குள், கொதிக்கும் கூரைக்குக் கீழே, ஒரு வெள்ளைக்காரன் இரண்டு மலைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பியில் சரியாகப் பாதி தூரம் வந்து வலது காலைத் தூக்கினான். அந்தக் கால் கீழே இறங்கவில்லை. திரை வெள்ளையாகிவிட்டது.

என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை. அவளுக்கு ஒன்பதாம் மாதம். அன்று மாலை ஆறு இருபத்தைந்து செங்கல்பட்டு பாசஞ்சரில் சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. அது தொடங்குவதற்கு முன்பே வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் தோஷமில்லை, அப்புறம் எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி என்று அவள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மைத்துனர் டிரங்குப் பெட்டியோடு நேராக ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு மூன்று மணி நேரம் எங்கேயாவது உட்கார வேண்டும். "மேட்னி போலாங்க, அப்புறம் மூணு மாசம் எனக்குப் படமே கிடையாது" என்றாள். இரண்டு நாற்காலி டிக்கெட், தலைக்கு ஒன்றேகால் ரூபாய்.

ஆங்கிலப் படம். சர்க்கஸில் ஆள் உயரக் கம்பியில் நடந்து பிழைக்கிற ஒருவனுக்கு, ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குக் கம்பி கட்டி நடந்துவிட வேண்டும் என்று ஆசை. கீழே அதலபாதாளத்தில் ஆறு நுரைத்து ஓடுகிறது. முடியாது என்று சொல்லாத ஆள் படத்தில் ஒருவர்கூட இல்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் தேவைப்படவில்லை. தரை டிக்கெட்டில் ஒருவர் எல்லோருக்குமாகச் சத்தமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சம்சாரம் வாணாங்குது. இவன் கேக்கமாட்டான் பாரு. சொன்னேனா? கெளம்பிட்டான்!"

அவன் முதல் அடி வைத்தபோது கொட்டகையில் ஒரு பீடிகூடப் புகையவில்லை. அப்போதுதான் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"இவன் அந்தப் பக்கம் போயிட்டான்னா நானும் நல்லபடியா திரும்பி வந்துடுவேங்க."

அவளுடைய அக்கா முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்த் திரும்பி வராதவள். அந்தப் பேச்சை அவள் எட்டரை மாதத்தில் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. நான்தான் தினமும் உள்ளுக்குள் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்படிச் சொல்லாதே என்று வாயைத் திறப்பதற்குள் அவன் பாதிக் கம்பிக்கு வந்துவிட்டான். திரையும் வெள்ளையாகிவிட்டது.

விசில் கூரையைப் பிய்த்தது. விஷயம் இதுதான்: ஒரே படப்பிரதியைக் குரோம்பேட்டைக் கொட்டகையும் தாம்பரம் கொட்டகையும் பங்குபோட்டு ஓட்டினார்கள். அங்கே அரை மணி முன்னால் ஆரம்பிப்பார்கள். ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஒரு பெட்டிக்காரர் சைக்கிளில் இங்கே கொண்டுவந்து கொடுப்பார். கடைசிப் பெட்டி வரவில்லை.

வாசல் பக்கமிருந்து ஒரு குரல் உள்ளே வந்தது. "பொட்டிக்காரன் கம்பி நீட்டிட்டானாம்பா!"

அவ்வளவுதான். ஆள் பெட்டியோடு ஓடிவிட்டான் என்று கொட்டகை முழுக்க எழுந்து நின்றது.

"துட்டக் குடு!"

"மேல ஒருத்தன் கம்பியில நிக்கறான், கீழ ஒருத்தன் கம்பி நீட்டிட்டான். நல்லா கீதுடா உங்க படம்!"

மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டபடியே பின்வாங்கிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பதினாறு.

"எழுந்திரு. ஸ்டேஷன்ல போய் உக்காருவோம்" என்றேன்.

"அவனை அந்தரத்துல நிக்க வச்சிட்டு நான் எப்படிங்க ஊருக்குப் போறது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் உதடு நடுங்கியது. அந்த நடுக்கத்தோடு அவளை ரயில் ஏற்ற என்னால் ஆகாது. இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சேதியைக் கொண்டுவந்தவர் வாசலில் இருந்த சோடாக்காரர். ஒரு கோலி சோடா வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"கம்பி நீட்டிட்டான்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"செங்கல்பட்டு பஸ் கண்டக்டர் சொல்லிட்டுப் போனாரு சார்."

"அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் சேக்காதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பொட்டிக்காரர் வண்டி சானடோரியம் கிட்ட கம்பி நீட்டிக்கினு கீதுன்னாரு."

"வண்டியா, ஆளா?"

"வண்டிதான் சார். ஆளு எப்டி சார் நீட்டிக்கினு..." பாதியில் நிறுத்தினார். "அட, ஆமா சார்! சைக்கிள் கம்பி!"

சோடாவைக் குடிக்கவில்லை. பக்கத்துச் சைக்கிள் கடையில் மணிக்கு இருபது பைசாவுக்கு ஒரு வண்டி எடுத்தேன். கடைக்காரருக்கு என் முகம் பழக்கமில்லை. என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கி டிராயரில் போட்டுக்கொண்ட பிறகுதான் வண்டியைத் தொடவிட்டார். மணி ஐந்து இருபத்தைந்து. அதற்குப் பிறகு எனக்கு மணி தெரியாது. என்னைப் போன்ற ஆளுக்கு அது எப்படியிருக்கும் என்பதை எழுதி விளக்க முடியாது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் நான் அப்படி மிதித்ததே இல்லை. தார் இளகி டயரில் ஒட்டியது. ஒரு லாரி, இரண்டு மாட்டு வண்டி, அந்த வாரம்தான் நின்று நிதானித்து ஓட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்த என் முழங்கால், எதையும் பொருட்படுத்தவில்லை. கண்ணுக்கு எதிரே தூக்கிய வலது கால் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தால்தான் அது கீழே இறங்கும்.

சானடோரியம் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய மரத்தடியில் அவர் தகரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் சைக்கிள். பின் சக்கரத்தில் மூன்று கம்பிகள் அறுந்து முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ரிம் வளைந்து போயிருந்தது.

"தாம்பரம் கொட்டகையிலேர்ந்து வரேன். பெட்டியைக் குடுங்க" என்றேன்.

"நீ யாரு சார்?"

"படம் பாக்க வந்தவன்."

"படம் பாக்க வந்தவன்கிட்டல்லாம் பொட்டியக் குடுத்தா வெளங்குமா? கண்டக்டர்கிட்ட குடுத்தேன், தீப்பிடிக்கிற சாமான், ஏத்தமாட்டேன்னுட்டாரு. சேதியாவது சொல்லுங்கண்ணேன். சொன்னாரா?"

"சொன்னார். நீங்க கம்பி நீட்டிட்டதா அங்க பேச்சு."

பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். "நானா? பதினோரு வருசமா தூக்கறேன் சார் இந்தப் பொட்டிய. மழையில நெஞ்சுல கட்டிக்கினு போயிருக்கேன். எவன் சொன்னான்? மேனேஜரா?"

"நானூறு பேர் சொல்றாங்க. என் சம்சாரம் சொல்லலை. அவளுக்கு ஒன்பதாம் மாசம். ஆறு இருபத்தஞ்சுக்கு ரயில். அவன் விழறானா, போறானான்னு தெரியாம ஏறமாட்டேங்கறா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கி என் வாடகை சைக்கிளின் கேரியரில் வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"பொட்டி என் கையிலதான் போவும். நீ என் வண்டியப் பாத்துக்கோ. பாரம் ஏத்தாத, ரிம்மு இன்னும் வளஞ்சி எட்டு மாரி ஆயிடும். வெறும் வண்டியா தள்ளிக்கினு வா."

"நானா? எனக்குப் படம்..."

"படம் உனுக்கா, வூட்ல கீறவங்களுக்கா? சீக்கிரம் சொல்லு சார்!"

அவர் போய்விட்டார். குனிந்து மிதித்த மிதியில் பெருங்களத்தூர் பக்கம் போகிற பஸ் ஒன்றையே தாண்டினார்.

அறுந்த மூன்று கம்பிகளையும் பக்கத்துக் கம்பிகளில் முறுக்கிவிட்டேன். மீதி முப்பத்தேழு. பின் சக்கரத்துக்கு நாற்பது. சரியாக இருந்தது. தள்ளத் தொடங்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் ஒரு தடவை இடறியது. ஒவ்வொரு இடறலுக்கும் எனக்கு அவன் விழுந்தான். அங்கே பெட்டியைத் திறந்திருப்பார்கள். இப்போது மாட்டியிருப்பார்கள். இப்போது கால் இறங்கியிருக்கும்.

கொட்டகைக்கு ஒரு பர்லாங் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. நானூறு பேர் ஒரே மூச்சில் போட்ட சத்தம். ரோட்டிலேயே நின்றுவிட்டேன். கடந்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். விழுந்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். தொடர்ந்து விசில். நம் ஜனங்கள் எதற்குத்தான் விசிலடிக்க மாட்டார்கள்? தள்ளிக்கொண்டு ஓடினேன். சக்கரம் கடகடவென்று என் பக்கத்தில் நொண்டிக்கொண்டே ஓடிவந்தது.

வாசலில் கூட்டம் வெளியே வழிந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்துக் கதவருகே அவள் நின்றிருந்தாள். முகமெல்லாம் ஈரம். அது வியர்வையா, அழுகையா என்று தெரியவில்லை.

"நீங்க உள்ள வரலையா? இருட்டுல தேடினேனே."

"என்ன ஆச்சு? அவன் என்ன ஆனான்?"

"போயிட்டாங்க" என்றாள்.

சைக்கிள் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "போயிட்டானா? எங்க போயிட்டான்?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பக்கங்க! அந்தப் பக்கம் போயிட்டான்! கடைசி நாலு அடி ஓடினான் தெரியுமா? பெட்டிக்காரர் உள்ள வந்தப்போ எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க!"

ஸ்டேஷனில் மைத்துனர் பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்று கத்தினார். "மாப்ள! ராகு காலத்தைத் தாண்டினீங்க, ரயில விட்டுடுவீங்க போலிருக்கே!" ரயில் கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, கழி பிடித்துக் கம்பியில் நடப்பவன் மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள்.

பெட்டிக்காரர் தம் வண்டியைக் கொட்டகையில் ரிப்பேருக்குப் போட்டுவிட்டு, மேட்னிக்கு மட்டும் ஓடிய அந்தப் படத்தின் ரீல் பெட்டிகளோடு என் வாடகை சைக்கிளில் குரோம்பேட்டைக்குப் போய்விட்டார் என்பது ஸ்டேஷனிலிருந்து திரும்பியபோதுதான் தெரிந்தது. மறுநாள் காலை பத்தேகாலுக்கு வந்தார். அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடை வாசலில் காத்திருந்தேன். கடைக்காரர் பதினேழு மணி நேரம் என்றார்.

"ராத்திரியெல்லாம் வண்டி சும்மா நின்னுட்டுத்தானே இருந்தது?"

"என் கடையிலயா சார் நின்னுச்சு? எவனோ ஒருத்தன நம்பி வண்டியத் தூக்கிக் குடுத்துட்டியே. அவன் நெசமாவே கம்பி நீட்டியிருந்தா நீதான் கம்பி எண்ணிக்கினு இருப்ப."

"எண்ணிட்டேன். முப்பத்தேழு" என்றேன். பெட்டிக்காரர் மட்டும் சிரித்தார்.

ஜூன் 9ஆம் தேதி பெண் பிறந்தாள். இரண்டு பேரும் செப்டம்பரில் திரும்பி வருகிற பாசஞ்சரில் தாம்பரத்தில் வந்து இறங்கினார்கள். அந்தப் படத்தை நான் மறுபடி எங்கேயும் பார்க்கவில்லை. கடைசி ரீலை மனைவி வாயால்தான் கேட்டிருக்கிறேன். போன தீபாவளிக்குச் சொன்னபோது கடைசியில் ஓடியது ஆறு அடி என்றாள். முதலில் நாலு என்றுதான் சொன்னாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிக்கெட் இரண்டரை ரூபாய், குடிக்காத சோடா இருபது பைசா, பதினேழு மணி நேர வாடகை மூன்று ரூபாய் நாற்பது பைசா. அவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததற்கு எனக்கு ஆனது மொத்தம் ஆறு ரூபாய் பத்து பைசா.