கூரையில் போட்ட பூட்டு

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குள் என்னை இனி வேலைக்கு விடக்கூடாது என்று அதன் உரிமையாளர் சொல்லிவைத்திருக்கிறார். வாசல் காவலாளி அதை என்னிடம் சொல்லும்போது நெளிந்தார். நான் நெளியவில்லை. அந்தக் கூரையில் நான் செய்ததை நாளைக்கும் செய்வேன்.

நானும் அண்ணாவும் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கடை வைத்து ஏசி பொருத்தும் வேலை எடுத்துச் செய்தோம். ஆட்களோடு கதைப்பது, விலை பேசுவது, லொறி பிடிப்பது எல்லாம் அவர். வயர் வேலை என்னுடையது. அதற்கான படிப்பும் அனுமதிப் பத்திரமும் என்னிடம் இருந்தன. வேலை முடிந்து மின்சாரம் கொடுக்கலாம் என்று கையெழுத்து வைப்பதும் நான்தான். கூரையில் ஒரு பெண் நிற்பதைக் கண்டு "பாஸ் எங்க?" என்று கேட்பவர்களுக்கு அண்ணா பேசாமல் என்னைக் கைகாட்டிவிடுவார். அப்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரியும்.

மண்டபத்தின் உரிமையாளர் ஐம்பதைக் கடந்த ஒரு பெண். நாங்கள் அவரை அன்ரி என்றே கூப்பிட்டோம். கணவர் இறந்த பிறகு தனி ஆளாக மண்டபத்தை நடத்துகிறவர். கல்யாணங்களே நடக்காத காலத்திலும் வேலைக்காரர் ஒருவரையும் அவர் நிறுத்தவில்லை. அவருடைய பழைய ஏசிகள் ஒரு கல்யாணத்தின் நடுவில் படுத்துவிட, மாப்பிள்ளை வீட்டார் திட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இனி அப்படி ஒரு பேச்சுக் கேட்கக்கூடாது என்றுதான் இந்தப் புது இயந்திரத்தை எடுத்தார். வீட்டு ஏசி மாதிரி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு துண்டு இல்லை. எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஒரு சின்ன வான் அளவு இருக்கும். அதை மண்டபத்தின் தட்டைக் கூரையில் வைத்து, தகரக் குழாய் வழியாகக் குளிர்காற்றைக் கீழே மண்டபத்துக்குள் இறக்குவார்கள்.

அது துறைமுகத்தில் சுணங்கி, கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வந்து சேர்ந்தது. கிரேன் பிடித்துக் காலையில் கூரைக்கு ஏற்றினோம். அதிர்வு தாங்கும் இறப்பர் கட்டைகளை அடியில் கொடுத்து, காற்றுப் போக நாலு பக்கமும் இடம் விட்டு இருத்தினோம். பக்கத்துச் சுவரில், மழை புகாத பெட்டிக்குள், இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தை ஒரே திருப்பில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினேன். பழுது பார்க்க வருகிறவன் எங்கேயும் ஓடாமல் கையெட்டும் தூரத்தில் கரண்டை நிற்பாட்ட வேண்டும், அதற்குத்தான் அது. மத்தியானம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பின்னேரம், கீழே மெயின் போர்டில் இருந்து கூரைக்கு வரும் பழைய கேபிளின் நுனியை வெட்டிப் பார்த்தேன்.

புது இயந்திரத்தின் பக்கத் தகட்டில் அது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று அடித்திருந்தது. இந்தக் கேபிள் அதில் பாதியைக்கூடத் தாங்காது. சூடேறி, சுவருக்குள்ளேயே உருகும். அதைவிட மோசமானது எர்த், கசியும் கரண்டை நிலத்துக்குள் இறக்கவேண்டிய பச்சை வயர். பழைய ஏசிகளுக்கு வேலை செய்த யாரோ அதை ஒரு தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டிருந்தார்கள். ஒருகாலத்தில் அது இரும்புக் குழாயாக நிலத்துக்குள் போயிருக்கும். இடையில் யாரோ கீழ்ப்பாதியை வெட்டி பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள். மீற்றரை வைத்துப் பார்த்தேன். பச்சை வயர் எங்கேயும் போகவில்லை. உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டால், அந்தப் பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறி, தொடுகிற ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அதை நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, மறுநாள் கல்யாணப் பொம்பிளையின் வீட்டார் கூரைக்கு ஏறி வந்தார்கள். கடல் தெரிகிறபடியால் அந்த மண்டபத்தில் எல்லாச் சோடிகளும் கூரையில்தான் படம் எடுப்பார்கள். எங்கே நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்க வந்திருந்தார்கள். ஏறிவந்த களைப்பில் பொம்பிளையின் மாமி இயந்திரத்தில் நன்றாக முதுகைச் சாய்த்துக்கொண்டு, கல்யாணக் கார்டால் விசிறினார். "நல்ல உயரமா இருக்கு. சாய்ஞ்சு நிண்டு படமெடுக்கலாம்" என்றார்.

அவர்கள் இறங்கியதும் அண்ணாவிடம் சொன்னேன். புதுக் கேபிள் இழுக்க வேண்டும், எர்த்துக்குத் தனியாக நிலத்தில் கம்பி இறக்க வேண்டும், புறக்கோட்டையில் சாமான் கடைகள் பூட்டும் நேரமாகிவிட்டது, காலையில் வாங்கித்தான் செய்யலாம் என்று.

"காலமை கல்யாணம்" என்றார் அண்ணா.

"தெரியும்."

"பழைய கேபிள் போதும் எண்டு நான் அன்ரிக்குச் சொல்லிப்போட்டன்."

"நீங்க பார்க்காம சொல்லியிருக்கிறீங்க."

அவர் முகத்தைத் துடைத்தார். கோபம் வந்தால் அவர் குரல் தாழும். "நாளைக்கு ஒரு நாள் ஓடட்டும். முடிஞ்ச கையோட எல்லாத்தையும் மாத்துவம். ஒரு நாளையில என்ன வரப்போகுது?"

"அந்த ஒரு நாளையிலதான் இவ்வளவு பேரும் இதில சாயப்போயினம்."

"உனக்கு விசர். சரியான பைத்தியம்."

நான் பையில் இருந்து என்னுடைய பூட்டை எடுத்தேன். அந்த சுவிட்ச் பெட்டியில் பூட்டு மாட்ட ஒரு துளை இருக்கும். சுவிட்சை நிறுத்தத்தில் வைத்துப் பூட்டி, 'ஆள் வேலையில், தொடாதே' என்று மூன்று மொழியில் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை ஜீன்ஸ் பொக்கெற்றில் போட்டேன். அண்ணா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே போனார். அன்ரியிடம்தான் போனார்.

அன்ரி மேலே வரவில்லை. அவர் வேறொரு வயரிங் பாஸைக் கூப்பிட்டிருந்தார். பாமன்கடையில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்த சிங்களவர், என்னைவிட வயதில் மூத்தவர், கருவிப்பையோடு நேராக சுவிட்ச் பெட்டிக்குப் போனார். பூட்டைக் கண்டதும் நின்றார்.

"இது யாருடைய பூட்டு, நங்கி?" என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல், சிங்களத்தில் கேட்டார்.

"என்னுடையது."

"ஏன்?"

பச்சை வயரையும் குழாயையும் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். உண்மையைச் சொன்னால், அவர் பூட்டை வெட்டியிருக்கலாம். வெட்டுகிற கருவி பையில் தெரிந்தது. நான் இயந்திரத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"இன்னொருத்தர் போட்ட பூட்டை நான் வெட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அன்ரி வந்தார். படிகளில் மூச்சிரைக்க ஏறி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். அண்ணா அவருக்குப் பின்னால், என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, சாவியைத் தாரும்."

"தரமாட்டன் அன்ரி."

"இது என்ர மண்டபம்."

"ஓம். மண்டபம் உங்கட. கரண்ட் குடுக்கலாம் எண்டு கையெழுத்து வைக்கிறது நான்."

"பச்சை வயர் இருக்குத்தானே? இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கேல்லையே?"

"வயர் இருக்கு அன்ரி. அது போய்ச் சேர ஒரு இடம் இல்லை. இவ்வளவு காலமும் நடக்காதது உங்கட அதிட்டம். அந்த அதிட்டத்துக்கு நான் கையெழுத்து வைக்க ஏலாது."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "நாளைக்கு அந்தச் சனத்துக்கு முன்னால நான் என்னெண்டு நிக்கிறது? ஒருக்கா நிண்டனான். அது எப்பிடி இருக்குமெண்டு உமக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் இரக்கம் வந்தது என்பதற்காகச் சாவியை எடுத்து நீட்ட முடியாது. "வேர்த்தா துடைக்கலாம் அன்ரி" என்றேன். "நாளைக்குப் பந்தி முடியிறதுக்கிடையில குளிர வைக்கிறன். அதுக்கு முன்னம் தரமாட்டன். வேற ஆளைப் பிடிச்சு உடைக்கிறதெண்டா உடையுங்கோ. நான் இதிலதான் இருப்பன்."

சொன்னபடியே சீமெந்துக் கட்டையில் உட்கார்ந்தேன். கடற்கரையோரம் ரயில் ஒன்று போனது. அது போன பிறகு அன்ரி அண்ணாவைப் பார்த்து, "நிண்டு சுத்துற ஃபான் வாடகைக்கு எங்க எடுக்கலாம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போனார்.

காலையில் கடை திறக்கும்போதே நான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நின்றேன். கேபிள் உருளையை முச்சக்கர வண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தபோது வாசலில் வாழை கட்டியிருந்தது. பின்பக்கம் நிலத்தில் எர்த் கம்பியை அடித்து இறக்கினேன். கேபிளைச் சுவரோரமாகக் குழாய்க்குள் விட்டு மேலே ஏற்றினேன். கேபிள் நுழையும் இடத்தில் தகர விளிம்பு தோலை வெட்டாதபடி இறப்பர் வளையம் கொடுத்தேன். மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகாமல் இருக்க, நுழையுமுன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்தேன். கீழே மேளம் தொடங்கியிருந்தது. அண்ணா வேட்டியோடு வந்தார்; விருந்தாளியாகவும் அவருக்கு அழைப்பு இருந்தது. கேபிளின் மற்ற நுனியைப் பிடித்து இழுத்தார். அவர் வேட்டிக்கரை முழுக்கக் கறுத்துப் போனது.

கடைசி வேலைதான் கஷ்டமானது. புதுக் கேபிளை மெயின் போர்டில் இணைக்க, மண்டபம் முழுவதற்கும் கரண்டை நிறுத்த வேண்டும். கரண்ட் ஓடும் போர்டுக்குள் கை வைக்கமாட்டேன் என்று அன்ரிக்கு ஆள் அனுப்பினேன். தாலி கட்டி முடிந்த பிறகு, பந்திக்கு முன்னம் நிறுத்து என்று பதில் வந்தது.

நிறுத்தினேன். மண்டபம் இருண்டது. ஃபான்கள் ஓய்ந்தன. வீடியோக்காரர் யாரையோ திட்டுவது கேட்டது. பொம்பிளையின் தாய் போர்ட் அறை வாசலுக்கே வந்து, "எங்கட நல்ல நாள்தானா உங்களுக்குக் கிடைச்சது?" என்று கேட்டார். நான் திரும்பவில்லை. முறுக்காணியை இறுக்கிக்கொண்டே, "இப்ப முடிஞ்சிரும் அம்மா" என்றேன். நாதஸ்வரத்துக்குக் கரண்ட் தேவையில்லை. அது மட்டும் இருட்டில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கூரைக்கு ஓடி, கரண்ட் கசிவு இருக்கிறதா, எர்த் சரியா என்று சோதித்தேன். கரண்ட் கொண்டுவரும் மூன்று வயரும் சரியான வரிசையில் இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். மாறிப் போனால் உள்ளே இருக்கிற கொம்பிரசர் தலைகீழாகச் சுற்றிப் பழுதாகிவிடும். எல்லாம் சரி. பூட்டைக் கழற்றி, சுவிட்சைத் திருப்பினேன். பெட்டி ஒருமுறை குலுங்கி, ஒரே சீராக இரையத் தொடங்கியது. வெறுங்கையை அதன் தகரத்தில் முழுதாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

முதற்பந்தி பாதியில் குளிர் இறங்கியது. யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் பந்தியில் மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர், பாயாசம் ஆறிப்போகுது, குளிரைக் குறைக்கச் சொல்லுங்கோ என்று முறையிட்டாராம். பின்னேரம் பொம்பிளையும் மாப்பிள்ளையும் இயந்திரத்தில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். பொம்பிளையின் மாமியும் அதில் இருந்தார்.

பேசிய காசைக் குறையாமல் அன்ரி அண்ணாவிடம் கொடுத்தார். கூடவே, "வேலை நல்லம். ஆனா அந்தப் பிள்ளையை இனி இஞ்ச அனுப்பாதீர்" என்றும் சொல்லியிருக்கிறார். இயந்திரத்தைக் கழுவிச் சுத்தம் செய்ய இப்போது வேறு யாரோ போகிறார்கள். போகட்டும். அவர்கள் கை வைக்கிற தகரம் பத்திரமானது.

அண்ணா பல நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேலைக்கு ஒன்றாகப் போவோம், வானில் ரேடியோ மட்டும் பாடும். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு வத்தளையில் ஒரு துணிக்கடைக் கூரையில் வேலை வந்தது. நான் கேபிளை அளந்துகொண்டிருந்தேன். இயந்திரத்துக்கு மறுபக்கத்தில் கடைக்காரர், திறப்பு விழாவுக்கு முன்னம் எப்படியாவது போட்டுவிட வேண்டும் என்று அண்ணாவை நெருக்கிக்கொண்டிருந்தார்.

"நான் நாளைக்கே போடுவன் முதலாளி" என்றார் அண்ணா. "என்ர தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், சரியான விசரி. சரியா வராம அவள் விடமாட்டாள். உங்களை என்ன, என்னையே விடமாட்டாள்."

கடைக்காரர் எட்டி என்னைப் பார்த்தார். நான் அளவுநாடாவை இழுத்துப் பிடித்தபடி, அண்ணா சொன்னது சரி என்று தலையாட்டினேன்.