இரண்டு விரல் வெள்ளை

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் ஸ்காபரோவில், ஒரு ஜெர்மன் மருந்துக் கம்பனியின் தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினேன். தற்காலிக வேலை. எங்கள் வரிசையில் பாதிப் பேர் தமிழர்கள். ஆண்டு விழாவுக்காக கம்பனியின் வரலாற்றுக் கையேட்டைத் தமிழிலும் கொடுக்க மேலாளர் விரும்பினார். நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் இருந்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மொழிபெயர்த்தால் நிரந்தரமாக்கும் பட்டியலில் என் பெயரையும் சேர்ப்பதாகச் சொன்னார்.

கையேட்டின்படி, ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் தொழில் தொடங்குகிறது. இருமல் மருந்து, மகன்மார், புகைபோக்கிகள். ஏழாம் பக்கத்தில், முப்பதுகளில், புதிய ஆய்வகம் திறக்கிறார்கள். அடுத்த வரியில் போர் முடிந்து, இடிபாடுகளிலிருந்து மறுபடி எழுகிறார்கள். இடையில் ஒரு சொல்லும் இல்லை.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். அந்தப் போர் ஆண்டுகளில் ஜெர்மன் ஆலைகள் கைதிகளிடம் கட்டாய வேலை வாங்கியது பற்றிப் புத்தகங்கள் இருந்தன. எங்கள் கம்பனியின் பெயர் எதிலும் இல்லை. செய்தது என்றும் எழுத முடியாது, செய்யவில்லை என்றும் எழுத முடியாது.

ஊரில் தணிக்கை அதிகாரி வெட்டிய செய்தியின் இடத்தை நாங்கள் வேறொன்றால் நிரப்பமாட்டோம். வெறுமையாகவே அச்சிடுவோம். வாசகர்களுக்கு விளங்கும். மொழிபெயர்ப்பிலும் ஏழாம் பக்கத்தின் அந்த இரு வரிகளுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டேன்.

மேலாளர் அச்சுப் பிழை என்று நினைத்தார். காரணத்தைச் சொன்னேன். தலைமையகத்தைக் கேளுங்கள், வரும் பதிலை அப்படியே தமிழில் போடுகிறேன் என்றேன். ஃபக்ஸ் அனுப்பினார். பதில் வரவில்லை. இடைவெளியை மூடச் சொன்னார். மறுத்தேன்.

பக்கத்தில் நின்று அடுக்கும் பெண் கைவேலையை நிறுத்தாமலே கேட்டாள்:

"அண்ணை, உந்த ரெண்டு விரல் இடத்துக்காகவோ வேலையைத் துலைக்கப்போறியள்?"

"நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். நான் மூடமாட்டன்."

அந்தக் கட்டடத்தில் தமிழில் தட்டச்சுச் செய்ய வேறு எவருக்கும் தெரியாது. விழா நெருங்கியதால் கையேடு வெள்ளையோடு அச்சானது. அதே வாரம் நிரந்தரப் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் இல்லை.

மதியச் சாப்பாட்டு மேசையில் எங்கள் வரிசையில் மூத்தவர், எல்லோரும் அன்ரி என்று கூப்பிடும் பெண்மணி, கையேட்டைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, உதில என்னத்தை வெட்டினவங்கள்?"

"இன்னும் தெரியாது அன்ரி. கேட்டிருக்கிறம்."

"வந்தாச் சொல்லும்" என்று சோற்றுப் பெட்டியைத் திறந்தார்.

அன்று வேலை முடிந்ததும் மேலாளரின் கதவைத் தட்டினேன். தலைமையகத்துக்கான இரண்டாவது ஃபக்ஸை நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன்.