பெருவிரலுக்காக வாதாடிய செல்லையா அண்ணன்

நேற்று முன்தினம் காலை, சுங்கை சிப்புட்டில் உள்ள என் தச்சுப் பட்டறைக்குச் செல்லையா அண்ணனின் மைத்துனர் வந்தார். "மச்சான் போயிட்டாரு, அண்ணே," என்றார். எதற்கும் கேலி பேசுகிற நான் உளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் காப்புறுதி முகவர், இன்சூரன்ஸ் எடுக்கவைப்பவர். எழுபதுகளில் மோட்டார் சைக்கிளில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாக அலைந்தவர். அவரைக் கண்டாலே ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள். காப்புறுதி என்றால் சாவு என்று பயம். என்னிடமும் வந்தார்.

"நான் செத்தா எம் பொண்டாட்டிக்கு வேற மாப்பிள்ள பாக்கவா, அண்ணே?" என்று கேட்டேன்.

"சாவுக்கு இல்லலா, தங்கவேலு. உசுரு இருந்து கை போச்சுன்னா? கைய நம்பிச் சாப்பிடுறவன் நீ."

தொல்லை தாங்காமல் விபத்துக் காப்புறுதி எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் பெயர் எழுதத் தெரியும். அவரைச் சீண்டுவதற்காகவே, "என் எழுத்தவிட என் வெரலு அழகு" என்று வலது பெருவிரலால் கைநாட்டு வைத்தேன். தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டே வருடம். மெஷின் ரம்பம் என் வலது பெருவிரலையும் பக்கத்து இரண்டு விரல்களையும் கொண்டுபோனது. வேலை நின்றது. மனைவி கைக்குழந்தையோடு மறுபடி ரப்பர் மரம் சீவப் போகத் தயாரானாள். ஈப்போவில் இருந்த காப்புறுதி அலுவலகத்திலோ, பழைய கைநாட்டோடு ஒத்துப்போகிற கைநாட்டு வேண்டும் என்றார் குமாஸ்தா. எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

செல்லையா அண்ணன்தான் பேசினார். "தம்பி, அந்த வெரலு போனதுக்குத்தான் கேக்குறோம். அதக் கூட்டியாந்து காட்டணும்னா மரத்தூள்லதான் தேடணும்லா!"

குமாஸ்தாவும் சிரிக்கவில்லை. டாக்டர் கடிதம், தம்முடைய சாட்சிக் கையெழுத்து என்று அண்ணன் மூன்று முறை அலைந்தார். நான்காம் முறை ஏற்றுக்கொண்டார்கள். கை ஆறும்வரை வாராவாரம் பணம் வந்தது. மனைவி தோட்டத்துக்குப் போகவில்லை. அந்த மாதங்களில்தான் இடது கையால் இழைக்கப் பழகினேன். முதல் பலகையைப் பார்த்துவிட்டு, "தவள நடந்த மாதிரி இருக்குலா," என்றார். கேலியில் அவர் என்னை வென்றது அந்த ஒரு நாள்தான்.

சவப்பெட்டி வெளியே வாங்க வேண்டாம் என்று அவருடைய மனைவியிடம் சொல்லிவிட்டேன். மெராந்திப் பலகையில் நானே செய்தேன். நேற்று மாலை இடுகாட்டில் மூடியை வைத்தபோது ஒரு மூலை சரியாக உட்காரவில்லை. ஆணி அடித்து முடிக்கும்வரை இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் கோணல்தான், அண்ணே. பொறுத்துக்குங்க. போய்ட்டு வாங்க."