உப்பு வாளியும் எழுபத்தைந்து கிலோவும்

என் கணவரைக் கட்டிலிலிருந்து சக்கரக் கதிரைக்கு மாற்ற இரண்டு ஆம்பிளைகள் வேண்டியிருந்தது. கரையேற்றும்போது அலையில் திரும்பிய படகு முதுகை நெரித்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை. கொழுந்தனும் அவனோடு கடலுக்குப் போகிறவனும் காலையில் வலையில் மீன் கழற்றிவிட்டு வந்து, ஒருவர் தோளையும் மற்றவர் காலையும் பிடித்துத் தூக்கி இருத்துவார்கள். அவர்கள் பிந்தினால் இவர் கிடக்க வேண்டியதுதான். பகல் பத்து மணிவரை கிடந்த நாட்களும் உண்டு. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் கண்டக்குழியில் எங்கள் பக்கத்துக் கடலில் தொழில் இல்லை. ஆட்கள் படகை லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், தங்கித் தொழில் செய்ய வாடி போட்டுவிடுவார்கள். திரும்பி வர நாலைந்து மாதமாகும். முதல் வருடம் கொழுந்தன் போகாமல் எங்களுக்காக நின்றான். மறுவருடமும் நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காற்றுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் நான் தனியே தூக்கப் பழகாவிட்டால் அந்தச் சோளகம் முழுக்க அவருக்குக் கட்டில்தான்.

கற்பிட்டியில் ஒரு ஜிம்மில் சனிக்கிழமை காலை மட்டும் பெண்களை விடுவார்கள். நாற்பத்து நாலு வயதில் வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பழக்குகிற பிள்ளை முக்காடும் சப்பாத்துமாக நின்று என் கதையைக் கேட்டாள்.

“ஆளைத் தூக்கிறதென்டா டெட்லிஃப்ட்தான் அக்கா. கீழ கிடக்கிற பாரத்தை எடுத்து நிமிர்ற வேலை.”

“கிழமைக்கு ஒருநாள் காணுமா?”

“மத்த நாளையில வீட்டில ஸ்விங் செஞ்சா காணும்.”

ஸ்விங் என்பது கைபிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்றை வீசுவது. அதற்குப் பெயர் கெட்டில்பெல். முதுகை நேரே வைத்து, பின்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். கால்களுக்கிடையே போன குண்டை இடுப்பை வெட்டி முன்னுக்கு எறிய வேண்டும். நெஞ்சு மட்டம் போதும். கைக்கு அங்கே வேலையில்லை, பிடித்துக்கொண்டிருந்தால் சரி. டெட்லிஃப்டில் நிமிர்வதும் அதே இடுப்புத்தானாம். ஜிம்மில் இருந்ததே ஒரு குண்டு. வீட்டுக்குத் தரமாட்டார்கள்.

ஆகவே நானே ஒன்று செய்தேன். உடைந்த இரும்புக் கதிரையின் கைபிடி வளைவாக இருந்தது. அதன் இரண்டு நுனியையும் பெயின்ட் வாளிக்குள் இறக்கி, குறுக்கே ஒரு ஆணி கொடுத்து, ஈர உப்பை இடித்து நிரப்பினேன். மணல் உதிரும், உப்பு இறுகும்; பக்கத்து உப்பளத்தில் அதற்குப் பஞ்சமுமில்லை. இரண்டு நாளில் கல்லாக இறுகிவிட்டது. விடுதிக்குப் படுக்கைச் சீலை துவைக்கப் போகுமுன், குசினிக்குப் பின்னால், பத்துப் பத்தாகப் பத்துத் தரம் வீசுவேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாமென்பார்.

இரண்டு மாதம் போனது. ஒரு காலை, வாளி உச்சிக்குப் போன நேரம் கைபிடி முறிந்தது. வாளி பறந்துபோய்க் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. நான் கைபிடியும் கையுமாக நிலத்தில் இருந்தேன்.

“என்ன அங்க விழுந்தது?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.

இனி மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் சொல்லி, முறிந்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன். நுனியைத் திருப்பிப் பார்த்தார். துரு தின்று கடதாசி மாதிரி ஆகியிருந்தது.

“உப்புக்குள்ள இரும்பைத் தாட்டு வைச்சிருக்கிறாய். நீ கடற்கரையில பிறந்தவள்தானே?”

சிரித்தார். கட்டிலில் விழுந்தபிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் கேட்டதில்லை. எனக்கோ கோபம். இருபது வருடம் அவருடைய படகு எஞ்சினை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவியவள் நான், எனக்கா உப்பின் குணம் தெரியாது? ஆனால் வாளிக்குள் போட்ட உப்பைக் கறிக்குப் போடுகிற உப்பாகத்தான் மனம் நினைத்திருக்கிறது.

சிரித்து முடித்ததும் கயிறும் ஈயமும் கொண்டுவரச் சொன்னார். சின்னப் பிளாஸ்டிக் கானில் மணலும் வலை ஈயமும் நிரப்பி, சுற்றிவரத் தடித்த நூலால் பின்னி, படகுக் கயிற்றில் கைபிடி முறுக்கித் தந்தார். மீன் தராசில் பதினாறு கிலோ நின்றது. அதற்குப் பிறகு கட்டிலை யன்னல் பக்கம் திருப்பச் சொல்லி, கிடந்தபடி எண்ணுவார், ஏசுவார்.

“குந்தாத. கரைவலை இழுக்கிறவன் குந்திக்கொண்டா இழுக்கிறான்? இடுப்பால அடி.”

சனிக்கிழமைகளில் ஜிம்மில் டெட்லிஃப்ட் கம்பியில் நாற்பது கிலோ ஐம்பதானது. முன்பு பாரம் முழங்காலைத் தாண்டும் இடத்தில் இறுகி நிற்பேன். அது போய்விட்டது. பிடியில் விரல்களும் விரிவதில்லை. ஆனாலும் வீசியதால் மட்டும் அந்த நீளக் கம்பி எழும்பவில்லை. அதைத் தூக்கித் தூக்கித்தான் பழகினேன், ஸ்விங் மற்ற ஆறு நாளும் இடுப்பைத் துருப்பிடிக்க விடாமல் பார்த்துக்கொண்டது. என் கணக்கு எழுபத்தைந்து. ஆஸ்பத்திரித் துண்டில் அவர் நிறை அப்படித்தான் எழுதியிருந்தது. லொறி வர ஒரு கிழமை இருக்க எழுபத்தைந்தைத் தூக்கினேன். அந்தப் பிள்ளை கை தட்டினாள்.

கொழுந்தன் ஆட்கள் போன மறுநாள் காலை, கதிரையைக் கட்டிலோடு ஒட்டி வைத்து, அவரை எழுப்பி விளிம்பில் இருத்தினேன். கைகளை என் கழுத்தில் போட்டார். அவருடைய கக்கத்துக்குக் கீழால் கட்டிப் பிடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினேன்.

“ஒண்டு, ரெண்டு,” என்று அவரே எண்ணினார்.

எழுபத்தைந்துக்கு வேண்டிய பலத்தோடு நிமிர்ந்தேன். அவர் வந்த வேகத்தில் நான் பின்னுக்குப் போய் அலுமாரியில் முட்டினேன். பாரமே இல்லை. இரண்டு வருடமாகச் சோறு கொடுத்து, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். முழு ஆளாக ஒருநாளும் தூக்கியதில்லை. அந்தத் துண்டு அவர் அடிபட்ட கிழமை எழுதியது, அதற்குப் பிறகு அவர் இளைத்துக்கொண்டே போனதை என் கண் பிடிக்கவில்லை. என் கிலோவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. கதிரையில் இருத்தாமல் பிடித்தபடி நின்றேன்.

“பாரமா?” என்று என் தோளுக்கு மேலால் கேட்டார்.

“ஓம்,” என்றேன். “சரியான பாரம்.”