அக்காவுக்குச் சேராத இரத்தம்

செமிசி தேவாலய பாண்டு வாத்தியக் குழுவில் ஆளுயரப் பித்தளைக் குழல் ஊதுகிறவன். தென்னை போல் உடம்பு. காய்ச்சல் என்று படுத்தவனில்லை. யார் வீட்டில் பன்றி சுட்டாலும், சாவுக்குக் குழி வெட்டினாலும் அவன் கைதான் முதலில் நீளும். இரத்த தான வண்டி வரும் நாளில் மட்டும் அவனுக்குக் கிழங்குத் தோட்டத்தில் தலைபோகிற வேலை இருக்கும்.

அக்கா காலோலைனுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அந்தச் சாக்கு செல்லவில்லை. சொந்தக்காரர்கள் வந்து இரத்தம் கொடுத்தால்தான் அறுவைக்கு நாள் குறிப்போம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். டோங்காத் தீவுகளில் அக்காவுக்கு என்றால் தம்பி மறுக்க முடியாது. அங்கே தம்பி அக்காவை விலகி நின்றே மதிக்க வேண்டும்; விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளோடு ஒரே அறையில் அவன் உட்கார்ந்ததில்லை. உடம்பு, நோவு எதையும் அவள் காதுபடப் பேசியதுமில்லை. சொந்தங்களை வேனில் ஏற்றிக்கொண்டு அவனே போனான்.

மற்றவர்கள் கொடுத்தார்கள். அவனிடம் சோதனைக்குக் கொஞ்சம் இரத்தம் எடுத்துப் போன நர்ஸ் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

“நீங்க இன்னிக்குக் குடுக்க வேணாம். திங்கக்கிழம டாக்டரப் பாருங்க.”

“ஏன் சிஸ்டர், அக்காவுக்குச் சேராதா?”

“டாக்டர் சொல்வாரு.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே அக்காவின் கணவன் ஹாலோட்டி காத்திருந்தான். “என்ன மச்சான், அதுக்குள்ளயா? ஊசி உன்னப் பாத்துப் பயந்துச்சா, நீ ஊசியப் பாத்துப் பயந்தியா?”

எல்லோரும் சிரித்தார்கள். திறந்த சன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா படுத்திருந்தாள். அவள் காதில் விழுமே என்று செமிசி வேனில் போய் உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை டாக்டர் சொன்னார்: ஈரலில் கிருமி, மஞ்சள்காமாலைக் கிருமி. “பொறக்கும்போதே தாய்கிட்டேருந்து தொத்தியிருக்கும். அம்மா இருக்காங்களா?”

அம்மா கண் மஞ்சளாகி, வயிறு பானையாய் வீங்கிச் செத்தவள். கல்லறையில் முன்னோர் எலும்பு எதுவோ புரண்டு கிடப்பதால் வந்த நோவு என்று பெரியவர்கள் சொல்ல, செமிசிதான் மண்ணைத் தோண்டி எலும்புகளை நேராக்கி வைத்தான். அப்படியும் அவள் பிழைக்கவில்லை.

“ஒரே வயித்துல பொறந்தவங்க எல்லாரும் பாத்தாகணும்” என்றார் டாக்டர். “அவங்க பிள்ளைங்களும். முன்னாடியே தெரிஞ்சா, பொறந்த உடனே ஊசி போட்டுக் கொழந்தையக் காப்பாத்திடலாம்.”

செமிசி எழுந்துவிட்டான். “அக்காகிட்ட இத நான் பேசக் கூடாதுங்க.”

அறுவை நல்லபடியாக முடிந்தது. அக்கா வீடு திரும்பியும் அவன் சொல்லவில்லை. பாண்டில் குழல் ஊதும்போது மூச்சு பாதியில் நின்றது. கடைசியில் மனைவி செலாய் அவனை உலுக்கிக் கேட்டாள். கேட்டு முடித்ததும், மரியாதைக்குரியவர்கள் முன் போகும்போது உடுத்தும் இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டாள்.

“உங்க வாயால வர வேணாம். நான் போய்ச் சொல்றேன்.”

சோதித்துப் பார்த்ததில் அக்காவுக்கும் அதே கிருமி இருந்தது. படம் எடுத்ததில் ஈரலின் ஓரம் ஒரு நிழல். கட்டியா, வெறும் தழும்பா என்று இங்கே யாராலும் சொல்ல முடியவில்லை; நியூசிலாந்து டாக்டர்களுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் காலோலைன் செலாயிடம் சொல்லியனுப்பினாள்: “நாளைக்கு வேன் எடுக்கச் சொல்லு. எம் மூத்தவளுக்கும் பாக்கணும். அவளுக்கு இது பேறு மாசம்.”

மறுநாள் செமிசி வேனை ஓட்டினான். பின்னால் அக்காவும், நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி அவள் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் செமிசி முதலில் இறங்கி அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.