இன்ஜினியர் வண்டியின் பின்டயர்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இன்ஜினியர் இல்லை, லிப்ட் மெக்கானிக். கேலிக்கு வைத்த பெயர்தான், இவர் அதை நிஜப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக இந்த மனுஷனோடு குப்பை கொட்டுகிறேன். வீட்டில் ஒரு சாமானும் கடையில் வாங்கியபடி இருந்ததில்லை. மிக்ஸிக்கு இருக்கும் மூடி வேறொரு மிக்ஸியுடையது. குளியலறை விளக்கின் சுவிட்ச் ஏதோ ஒரு பழைய லிப்டில் இருந்து வந்தது, அதில் 4 என்று எழுதியிருக்கும். கேட்டால், "கம்பெனிக்காரன் சொன்னதை அப்படியே செய்யறதுக்கு நாம எதுக்கு?" என்பார்.

அவருடைய உயிர் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளில் இருந்தது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி, கைமாறி வாங்கியது. பின்னால் உட்காருகிறவருக்கு முதுகுச் சாய்மானம், இரண்டு பக்கமும் பெட்டி, நடுவில் பின்சக்கரத்தை முக்கால்வாசி விழுங்கிக்கொண்டு ஒரு அகலமான மட்கார்டு. எனக்கு அந்த வண்டி பிடிக்காது என்று எழுத ஆசைதான். ஆனால் பொய்யாகிவிடும். அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகப் போனதுதான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே உருப்படியான பகுதி. வண்டி ஓட்டும்போது அவரால் எனக்கு எதையும் விளக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

இப்படிப் பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் பதினைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து மாதம் ஒருமுறை பயணம் போவார்கள். ஒரு பல் டாக்டர் தலைவர், இவர் செயலாளர். ஒருமுறை அந்தக் குழுவில் இருந்த மரச்சாமான் கடைக்காரர் தன் வண்டியின் பின்னால் கார் டயர் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அப்படிச் செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். கார் டயர் மூன்று மடங்கு உழைக்கும், சுமை தாங்கும், நேர்ரோட்டில் தேர் மாதிரி போகும். சிக்கல் திருப்பத்தில்தான். மோட்டார் சைக்கிள் டயரின் மேல்பக்கம் வளைந்திருக்கும், வண்டி சாயும்போது அதுவும் கூடவே உருண்டு கொடுக்கும். கார் டயர் தட்டை. சாய்த்தால் விளிம்பில் நிற்கும், கொஞ்சம் விட்டால் வண்டியை நிமிர்த்தி நேராகத் தள்ளும். இதை எனக்கு விளக்கியதும் இவர்தான், வண்டி நின்றிருந்தபோது.

அன்றைய கூட்டத்தில் எழுந்து நின்று அந்த மரச்சாமான் கடைக்காரரை இவர் உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். "அண்ணே, பக்கத்துல இன்னொரு சக்கரம் மாட்டிட்டு முன்னாடி மாடு கட்டிடுங்க" என்று சொன்னாராம், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கார் டயர் போட்டவருக்குக் குழுவில் இடமில்லை என்ற விதியைத் தன் கையாலேயே எழுதினார். அந்த மனிதர் கண் சிவந்து எழுந்து போனதை வீட்டுக்கு வந்து வெற்றிக்கதை மாதிரி சொன்னார். நானும் சிரித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடமே எங்கள் பின்டயர் தேய்ந்து வழுக்கையானது. அந்த அளவு டயர் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். இருவரும் லீவு போட்டாயிற்று, நாங்கள் மட்டும் போகிற பத்து நாள் பயணம் முடிவாகிவிட்டது. இரண்டு மாதம் பொறுத்திருக்கலாம். இவருக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது, கார் டயரே போட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

முதல் டயர் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. வேற கடை பாருங்க." இரண்டாவது கடையில் மாட்டினார்கள். இந்த ரிம்முக்கு அந்த டயரின் விளிம்பு சரியாக உட்காராது, அதனால் அளவுக்கு மீறிக் காற்றடித்துத்தான் உட்கார வைக்க வேண்டும். கடைக்காரர் காற்றுக்குழாயை மாட்டிவிட்டு எங்களைச் சுவருக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். 'டப்' என்று ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை, சுவருக்குப் பின்னால் நிற்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு வெட்கத்தோடு நின்றேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார்.

"விட்டா எனக்கு மட்டும் பெருமையா?" என்றேன்.

முதல் வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் தோள் இறுகுவது பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. இடதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது கைப்பிடியை அழுத்தி, திருப்பம் முடிகிற வரைக்கும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் அவர் கைக்குப் பழகிவிட்டது. பழகியபிறகு அப்படி அழுத்துகிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

மறக்க முடியாதது குழுதான். கிளம்பும் முன் எல்லா வண்டியையும் குனிந்து பார்ப்பது தலைவர் வழக்கம். ஆகவே இவர் பயணம் போவதை நிறுத்திவிட்டார். ஒரு மாதம் வயிற்றுவலி, ஒரு மாதம் லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டார்கள், ஒரு மாதம் எனக்குக் காய்ச்சல். எனக்கே தெரியாமல் எனக்குக் காய்ச்சல் வந்து போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டர் நேரில் வந்துவிட்டார். "என்ன செயலாளரே, எங்க மேல கோபமா?" என்று கூடத்தில் உட்கார்ந்தார். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்த நேரத்தில்தான் என் அண்ணன் உள்ளே நுழைந்தான்.

அண்ணன் பஸ் டிரைவர், பேத்தி எடுத்தவன். இருபத்தெட்டு வருடத்தில் அவன் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவன் ஓட்டினால் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டாம் என்பார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருக்கட்டும், நியாயமான தலைக்கனம். கல்யாணத்துக்கு முன்னால் அவனும் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன்.

"மாப்ளே, என் வண்டி ஒர்க் ஷாப்ல கிடக்கு. கூட வேலை பார்த்தவர் வீட்டுக்கு ஒரு நடை போகணும். உங்க வண்டியைக் குடுங்க, சாயங்காலம் வந்துடறேன்."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். 'மச்சான், திருப்பத்துல அழுத்திப் பிடிங்க, பின்னாடி கார் டயர்.' டாக்டர் கையில் டீக்கோப்பை.  இவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"பாத்துப் போங்க மச்சான்."

"எனக்கேவா?" என்று சிரித்தான் அண்ணன்.

நான் வாயைத் திறந்தேன். பிறகு, "சர்க்கரை போதுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

வாசல்வரை போய் அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். போகவில்லை. புருஷன் மானம் போகக் கூடாது என்று நினைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். நிஜத்தில், பெரிய வண்டிக்காரர்கள் வீட்டுப் பெண்கள் நடுவில் எனக்கும் ஒரு மரியாதை இருந்தது. அதை நான் விட விரும்பவில்லை.

ஊரைத் தாண்டி ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி திரும்பவில்லை. சாய்த்திருக்கிறான், அது நிமிர்ந்து நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளை, எதிரில் யாரும் இல்லை. அண்ணனைக் கொண்டுவந்தது எங்கள் ஆஸ்பத்திரிக்கு. டெக்னீஷியன் ஒருவர் லீவு என்று என்னைக் கூப்பிட்டார்கள். என் அண்ணனுக்கு நானே எக்ஸ்ரே எடுத்தேன். தோளைப் பிடித்துப் பலகையோடு சேர்த்து நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிண்ணா" என்றேன். சின்னப்பிள்ளை மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றான். கழுத்துப்பட்டை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

"நான் திருப்பினேம்மா" என்றான். "கை கேக்கல. என் கை நான் சொன்னதைக் கேக்கல."

அப்போதும் நான் சொல்லவில்லை. "அசையாதே, இன்னொரு படம் எடுக்கணும்" என்றேன்.

மறுநாளே இவர் வண்டியைத் தூக்கி வந்து, ஊரெல்லாம் அலைந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் டயரைத் தேடிப் பிடித்து மாற்றிவிட்டார். இரண்டு மாதம் ஆகும் என்று சொன்ன டயர் ஒரே நாளில் கிடைத்தது.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. அண்ணன் கூடவில்லை. நரம்பு டாக்டர், கண் டாக்டர் எல்லோரும் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அவன் நம்பவில்லை. "ரிப்போர்ட்டா பஸ் ஓட்டப்போகுது? பின்னாடி அறுபது பேர் உக்காந்திருப்பாங்க" என்றான். பாஸ் கொடுக்கிற கவுண்டரில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். சாப்பிடும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான் என்று அண்ணி என்னிடம் அழுதாள்.

இவர் ஒவ்வொரு ஞாயிறும் உண்மையைச் சொல்லக் கிளம்புவார். ஸ்பேனர் பையோடுதான் கிளம்புவார்.

"சொன்னீங்களா?"

"ஃபேன் சத்தம் போட்டுட்டு இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"சொன்னீங்களான்னு கேட்டேன்."

"உங்க அண்ணி தண்ணிக் குழாய் ஒழுகுதுன்னு..."

நான்கு மாதத்தில் அண்ணன் வீட்டில் ஒழுகாத குழாய், ஆடாத நாற்காலி, கிரீச்சிடாத கதவு என்று எல்லாம் ஆகிவிட்டது. "மாப்பிள்ளை தங்கமான மனுஷன்" என்றான் அண்ணன். இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தினேன். ஆனால் நானே போய்ச் சொல்லவில்லையே. அவரைத் திட்டிக்கொண்டிருக்கிற வரையில் என்னைத் திட்டிக்கொள்ளாமல் இருக்க முடிந்தது.

பிறகு அண்ணி போன் செய்தாள். டிரைவர் வேலையை நிரந்தரமாக விட்டுவிடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறானாம். திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்து. போட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். இவரிடமிருந்து ஸ்பேனர் பையை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். "இன்னைக்கு வெறுங்கையோட வாங்க" என்றேன். அப்படியே வந்தார்.

டெப்போவில் மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான், மடியில் காகிதம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் எழுந்தான். உட்காரச் சொல்வதற்குள் இவர் சொல்லிவிட்டார், நின்றபடியே.

"மச்சான், அந்த வண்டி பின்னாடி கார் டயர் போட்டிருந்தேன்."

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. "என்ன டயர்?"

"கார் டயர். தட்டை டயர். திருப்பத்துல அழுத்திப் பிடிச்சுட்டே இருக்கணும், இல்லன்னா நிமிந்துடும். உங்களுக்கு நான் சொல்லல. டாக்டர் இருந்தாரு, வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

அண்ணன் கை இரண்டும் தானாக எழுந்து, இல்லாத கைப்பிடியைப் பிடித்து, இடதுபக்கம் சாய்ந்தன. 

"அப்போ நான் திருப்பினேன்."

"திருப்புனீங்க மச்சான்."

"என் கை திருப்புச்சு."

"உங்க கைல எந்தக் குத்தமும் இல்ல மச்சான். எல்லாம் என் குத்தம்."

அண்ணன் சிரித்தான். நான்கு மாதத்தில் அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போன கண்டக்டரை நிறுத்தி, "டேய், கார் டயராம்டா! கார் டயர்!" என்றான். கண்டக்டருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, அவரும் சிரித்து வைத்தார். இவர் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். அண்ணன் இவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். "போய்யா பயந்தாங்கொள்ளி! இதுக்கா என் வீட்டுக் குழாயெல்லாம் கழட்டிக் கழட்டி மாட்டினே? விடு, விடு. அழாதே." காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். தப்பித்தோம் என்றே நினைத்தேன், அந்தச் சொல்லே தோன்றியது.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது.

"உனக்கு எப்போம்மா தெரியும்?"

பொய் சொல்ல வழி இல்லை. "மாட்டின அன்னைக்கே தெரியும்ணா. கூடத்தான் இருந்தேன்."

"படம் எடுத்தப்போ?"

"தெரியும்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு, இவரிடம் சொல்லாமல், என்னிடம் மட்டும் சொன்னான்.

"நாலு மாசமா பேத்தியை நான் தூக்கல. கை நீட்டிட்டு வரும். கீழ போட்டுடுவேனோன்னு பயந்து, வேலை இருக்கிற மாதிரி எழுந்து போயிடுவேன். இப்போ அது என்கிட்ட வர்றதே இல்லை."