விடுதிக்காரரே, ஃபேனைக் கூட்டும்

அவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். வாரத்தில் ஆறு நாள் "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டே தொண்டை வறண்டுவிடும். ஞாயிறு மதியம் மட்டும் ராஜா, கொள்ளைக்காரன், இடிமழை, குதிரைக் கனைப்பு எல்லாம் அவர்தான். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நாலு பேர் ஆடும் கதை விளையாட்டுக்கு அவர் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி "நான் இதைச் செய்றேன்" என்பார்கள்; அதனால் என்ன ஆயிற்று என்று இவர் சொல்வார். சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்த்து வைக்கும். பகடை சொன்னதை மாற்றக் கூடாது என்பதில் மனுஷன் உடும்புப்பிடி.

அந்தக் குணத்தால் வீட்டில் பட்டதே போதும். ஆறு வருஷத்துக்கு முன்னால், லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் கேட்டு மாமனார் கடைக்கு வந்தார். அட்டையில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். மருமகனுக்குச் சந்தேகம் தட்டியது. அட்டையைத் திருப்பி மாட்டினார். மாமனார் அதே எழுத்துகளை அதே வேகத்தில் ஒப்பித்தார். அட்டையின் பின்பக்கம் வெறும் வெள்ளை. சான்றிதழ் கிடைக்கவில்லை. லைசென்ஸ் போயிற்று, கார் போயிற்று, பேச்சும் போயிற்று.

மாமனாரின் மகள், அதாவது இவர் மனைவி, கெஞ்சிக் கூத்தாடி அவரை ஞாயிறு விளையாட்டில் உட்கார வைத்தாள். அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம் என்ன என்று நினைக்கிறீர்கள்? ஆறு குதிரை பூட்டிய தேரின் சாரதி! அன்றிலிருந்து தேரோட்டி மட்டும் பேசுவார், அதுவும் கதையில் வரும் விடுதிக்காரரிடம் மட்டும். விடுதிக்காரர் மருமகன்தான் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. "விடுதிக்காரரே, ஃபேனைக் கூட்டும்" என்பார். கதை நடப்பது கரண்ட் இல்லாத காலம். இவர் எழுந்து போய்க் கூட்டுவார். பிரஷர் மாத்திரை தீர்ந்த செய்திகூட, ஒற்றன் சொன்ன சேதியாகத்தான் விடுதிக்காரர் காதுக்கு வரும். கீழ்வீட்டுத் தையலம்மா இந்த விளையாட்டில் கூலிப்படைத் தலைவி. இவ்வளவு பொறுப்பான விடுதிக்காரரைப் பார்த்ததே இல்லை என்று வியந்துபோவாள். மருமகனுக்கோ உள்ளுக்குள் ஒரே பயம். தேரோட்டி செத்துவிட்டால் இந்தப் பேச்சும் அறுந்துபோகும்.

அந்த ஞாயிறு, உடைந்த பாலத்தின் மேல் தேரை விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார் மாமனார். பகடையில் இரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பார். உருட்டினார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, காற்றைப் பார்த்துக் கேட்டார்:

"எவ்வளவு? பதினொண்ணா?"

ஒன்று. மகள் மேசைக்கடியில் புருஷன் காலை மிதித்தாள். தையலம்மா இருமினாள். பதினொன்று என்று சொல்லித் தொலைத்தால் என்ன குடியா முழுகிவிடும்? இவர் பகடை சொன்னதையே சொன்னார்.

"ஒண்ணு."

மாமனார் பகடையைத் தடவிப் பார்த்தார். "அப்ப நான் செத்துட்டேன்" என்று சுவரிடம் அறிவித்துவிட்டு, செருப்பைத் தேடி எழுந்தார். மருமகன் சட்டென்று எமலோகத்து ஆளாக மாறினார். மூக்கால் ஒரு குரல் எடுத்துக் கத்தினார்:

"இறந்தவங்க எல்லாம் இந்தக் கவுன்ட்டருக்கு வாங்க! படிவம் இல்லாதவங்க ஓரமா நில்லுங்க!"

மாமனார் முப்பது வருஷம் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. கவுன்ட்டர் என்ற சொல்லைக் கேட்டும் தாண்டிப் போக அவரால் முடியுமா? திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"டோக்கன் எங்கய்யா? இறந்த காரணம் எழுத ரெண்டு வரிதான் விட்டிருக்கு. தனித்தாள் இணைக்கலாமா?"

"இணைக்கலாம். மூணு நகல் வேணும்."

"மறுபடி உசுரோட போக எந்தப் படிவம்?"

இல்லாத படிவங்களை எழுதி, இல்லாத முத்திரை குத்தி அரைமணி நேரம் ஓடியது. குதிரைகளுக்குத் தனி விண்ணப்பமா, கூட்டு விண்ணப்பமா என்று ஒரு சண்டை. மருமகனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார்:

"கடைசியா ஒரு சாட்சி. உங்களுக்காகக்கூடப் பொய் சொல்லாத ஆளா இருக்கணும். அப்படி யாராவது இருக்காங்களா?"

மாமனார் மேசையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஒருத்தர் இருக்கார். என் மருமகன்."

தேரோட்டிக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று தையலம்மா வாயெடுத்தாள். மகள் அவள் காலையும் மிதித்தாள்.

"சாட்சி... சாட்சி நேர்ல வரணும்" என்றார் மருமகன். மூக்குக்குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"இப்ப கவுன்ட்டர்ல ஆளே இல்லையே, யாரு கையெழுத்துப் போடுறது?" என்றாள் தையலம்மா.

"நான் அந்தப் பக்கம் இருந்தவன்மா. ஆளு டீ குடிக்கப் போயிருப்பான், இப்ப வர மாட்டான்" என்றார் மாமனார். பிறகு பக்கத்து நாற்காலி பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை, கடையெல்லாம் எப்படிப் போகுது?"